ஜன்னலோரத் தட்டில் இருந்த அரை டாலர்

டெல்பர்ட்,

நீ நாயை நடத்திவிட்டுத் திரும்பும் வரை காத்திருக்க இருப்புக் கொள்ளவில்லை. வங்கியில் வாங்கி வந்த அரை டாலர் சுருள்களில் பழைய வெள்ளிக் காசு தேடி முடித்து, நேற்று நீ மிச்சத்தைத் திருப்பிக் கட்டிய பக்கத்து ஊர் வங்கிக்குக் கிளம்புகிறேன். காலையில் என் அரை டாலரைக் காணோம் என்றதற்கு நீ சொன்னது இன்னும் காதில் கேட்கிறது.

“அதுவா? ஓரத்துல செம்புக் கோடு தெரிஞ்சுது. வெள்ளி இல்ல. தேடி முடிச்ச காசோட சேத்துக் காகிதத்துல சுருட்டிக் கட்டிட்டேன்.”

“அது மூஞ்சியப் பாத்தியா?”

“விளிம்பப் பாத்தாப் போதும் லொரெய்ன். நாப்பது வருஷமாப் பாக்குறேன், எனக்கே சொல்றியா?”

வெள்ளி இல்லைதான். நான் சாப்பாட்டுக்கடையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது, நீ தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு ஓடிய முதல் டிப்ஸ் அது. காசில் இருக்கும் தலையின் கன்னத்தில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தேன்.

வங்கிக்குப் போன் செய்தேன். “சீக்கிரம் வாங்கம்மா. பத்து மணிக்குப் பணவண்டி வந்தா எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடும்” என்றாள் போனை எடுத்த பெண். நீ கட்டிய ஐம்பது சுருளையும் திரும்ப வாங்கப் போகிறேன்.

மக்ரோனி அடுப்புக்குள் இருக்கிறது, அரை மணியில் அணைத்துவிடு. குழாய் பார்ப்பவர் நாளைக்குத்தான் வருகிறாராம்.

லொரெய்ன்

கைப்பையை மூன்று முறை திறந்து பார்த்துவிட்டேன், மூக்குக்கண்ணாடி இருக்கிறது.

கார் என்னிடம். மதியத்துக்குள் நான் வராவிட்டால், வங்கி வாசலில் காருக்குள் உட்கார்ந்து சுருள்களைப் பிரித்துக்கொண்டிருப்பேன். உன் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு வா. பாதியை நீ பார்.

இந்த ஒரு தடவை முகத்தைப் பார்.