ஓனர் பேர்

கண்ணு,

குடோன் எரிந்ததற்காக எழுதவில்லை. பனியன் கம்பெனி வேஸ்ட் துணிதானே, மறுபடி வாங்கிப் பிரித்து விற்றுக்கொள்வேன்.

அன்றைக்கு அருள்புரத்தில் தீயணைப்பு வண்டி நின்றதும் ஹோஸோடு முதலில் குதித்தது நீதான். ஹெல்மெட் போட்டிருந்தாலும் பெற்றவளுக்கு அடையாளம் தெரியாதா? தெரிந்தும்தான் டிரைவரிடம் கேட்டேன்: "ஏனுங்க, ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?"

பயத்தில் உளறினேன் என்று சொன்னால் பொய். அந்த நேரத்தில் உன்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் கம்பெனி கம்பெனியாக வேஸ்ட் எடுக்கப் போனபோது, மேனேஜர்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி அது. அந்த ஆத்திரத்தைச் சொல்லிச் சொல்லித்தான் உன்னை இந்த வேலைக்கு அனுப்பினேன்.

நான் கேட்டது உன் காதிலும் விழுந்தது. புகைக்குள் போய், துணி பிரிக்கிற ஒச்சாயியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய். அவள் பிழைத்துவிட்டாள். நான் நீட்டிய தண்ணீரை நீ வாங்கவில்லை. தீ விபத்து விவரம் எழுதுகிற நோட்டைப் பிரித்து, என் முகத்தைப் பார்த்தே கேட்டாய்: "ஓனர் பேரு சொல்லுங்க."

சொன்னேன். எழுதிக்கொண்டாய்.

ஒரு மாதமாக நீ ஊட்டுப் பக்கம் வரவில்லை. வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை.

இப்படிக்கு,
நீ பேர் கேட்டு எழுதிக்கொண்ட ஓனர்