காலியாகத் திரும்பாத படகு

ஐப்பசி, செவ்வாய் இரவு

இன்னா நோட்டே, நல்லா கீறியா?

எங்கள் தீவான பசியாவரத்துக்குத் தனிப் படகு வைத்தால் கட்டுபடியாகாது, இனி பார்சல் கிடையாது என்று கூரியர்காரர் போன வாரம் சொல்லிவிட்டார். என் மனைவி செல்வியின் தையலுக்குத் துணி வருவதே பார்சலில்தான். பழவேற்காட்டில் நண்டை இறக்கிவிட்டு என் படகு காலியாகத்தானே திரும்புகிறது, அதில் ஏற்றுங்கள் என்றேன்.

"இன்னாண்ணா, நண்டு நாத்தம் அடிக்குமே!" என்றார் அவர்.

நண்டு வைக்கும் ஐஸ் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, துணிப் பார்சலை அதற்குள் வைத்தேன். மாமனார் கொடுத்த பெட்டி, அது தனிக் கதை. இன்று வழியெல்லாம் மழை. துணி நனையவில்லை. செல்வி முகர்ந்து பார்த்தாள்.

"துணி நல்லாத்தான் கீது. உம்மேலதான்யா வீசுது!"

கூரியர்காரரும் ஒப்புக்கொண்டார். ஊர்ப் பார்சலெல்லாம் இனி என் படகில்தான்.

"யோவ், மிச்சத் துணியில உனக்குச் சட்டை. அளவு குடுக்க வா!"

செல்வி கூப்பிடுகிறாள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாளைக்குப் படகில் நான்... மறுபடி கூப்பிடுகிறாள், மிச்சம் அப்புறம்.