எல்லாக் காலத்துக்கும் நாலு டயர்

நவம்பர் 11

மார்ட்டின் திருநாள். முதலில் டயர், பிறகு வாத்துக்கறி, பிறகு புது ஒயின். என் மனைவி பிரெதாவின் அண்ணன், மச்சான் ஸ்ரெச்கோவின் வீட்டு முற்றத்தில் வருஷா வருஷம் இதே வரிசை. குடும்பத்துக் கார்கள் எல்லாம் வந்து நிற்கும். கோடை டயரைக் கழற்றிப் பனி டயர் மாட்டுவார். அப்போது அவர் முகத்தில் இருக்கிற பக்திக்கு முன்னால் பூசை வைக்கிற பாதிரியார் கெட்டார்.

இந்த முறை நான் அறிவித்துவிட்டேன்: எங்கள் காருக்கு வேண்டாம். எல்லாப் பருவத்துக்குமான டயர் போட்டாயிற்று. பனிக்கும் செல்லும் என்பதற்குப் பக்கவாட்டில் மலையும் பனிப்பூவும் அச்சடித்திருக்கிறது, போலீஸ்காரனே சல்யூட் அடிப்பான். பழைய பனி டயர்களை மச்சானின் கொட்டகையில் போட்டேன், கோழிக்குக் கூடு கட்டச் சொல்லி.

"கீழ் ரோட்டுல ஓட்டுறவனுக்கு அது போதும் மாப்ளே. பிரெதா ஓட்டுறது மலையோட நிழல் பக்கம். அங்க ஐஸ் பிப்ரவரி வரைக்கும் கரையாது," என்றார் மச்சான்.

"கோடைக்கு ஒரு பெண்டாட்டி, குளிருக்கு ஒரு பெண்டாட்டியா மச்சான்? எனக்கு எல்லாக் காலத்துக்கும் ஒண்ணுதான்!"

மேசையே குலுங்கிச் சிரித்தது. அவர் வீல் ஸ்பேனரைத் துடைத்து உள்ளே வைத்தார். பிரெதா சிரிக்கவில்லை. மலையில் வீடு வீடாகப் போய்ப் புண் கட்டுகிற நர்ஸ் அவள். ஓட்டுவது அவள், டயர் தேர்ந்தெடுத்தது நான்.

"என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றாள், திரும்பும் வழியில்.

ஒயின் நன்றாக இருந்தது.

டிசம்பர் 6

முதல் பெரும்பனி. மாலையில் பிரெதா வந்ததும், "டயர் எப்படி?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு."

வென்றேன்!

டிசம்பர் 14

ஒயின் கடையில், என் பிரெதா மலையாடு மாதிரி ஏறுகிறாள் என்றேன். "அந்த ஆட்டுக்கு லாடம் எங்கய்யா வாங்கின?" என்று இரண்டு பேர் டயர் பெயரைக் கேட்டுக்கொண்டார்கள். டயரை நானே கண்டுபிடித்தவன் போல நிமிர்ந்து வீடு வந்தேன்.

டிசம்பர் 20

ஒரு புகார். தினமும் அவள் பூட்ஸ் ஈரம். அடுப்போரம் வைத்து, பேப்பரைக் கசக்கி உள்ளே திணிக்கிறாள். அதுவும் விளையாட்டுப் பக்கத்தை!

"கார்ல போறவளுக்கு எப்படி இப்படி நனையுது? உன் நோயாளிங்க வீட்டுக்குக் கூரை இல்லையா?"

"வாசல்ல பனி அள்ள ஆளில்ல," என்றாள்.

ஜனவரி 13

கை வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

மச்சான் வீட்டில் இன்று பன்றி அடித்தார்கள். பிரெதா ஒத்தாசைக்கு நேற்றே மச்சானோடு போய்விட்டாள். நான் காரில் தனியாக. மலைப் பாதையில் சிலுவை நிற்கிற குருசடி வளைவு வரை ராஜா. அங்கே சக்கரம் சுற்றியது, கார் ஏறவில்லை. பிறகு மெதுவாக, மிகுந்த மரியாதையோடு, பின்பக்கமாக இறங்கியது. பிரேக்கை மிதித்தேன் — அதை ஒரு யோசனையாகக்கூட அது எடுத்துக்கொள்ளவில்லை. பனிக் குவியலில் பின்புறத்தை வைத்து உட்கார்ந்தது.

மச்சான் டிராக்டரோடு வந்தார். கிண்டலுக்குத் தயாராக இருந்தேன். கிண்டல் செய்திருந்தால் பிழைத்திருப்பேன்.

"ஏன் ஏத்தின? அவளை மாதிரி குருசடிகிட்ட நிறுத்திட்டு நடந்து வந்திருக்கலாமே."

"யாரை மாதிரி?"

சங்கிலி மாட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "உனக்குத் தெரியாதா? முதல் பனியிலேர்ந்து பையைத் தூக்கிக்கிட்டு நடந்துதான்யா போறா. அன்னிக்கே வண்டி வழுக்கிடுச்சு. பழைய டயரை மாட்டித் தரேன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன். 'வேணாம்ணா, அவரு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்காரு, சிரிப்பாங்க'ன்னுட்டா."

எல்லாக் காலத்துக்கும் ஒண்ணுதான் என்றேனே. அந்த ஒன்று பனியில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான் விளையாட்டுப் பக்கத்துக்கு அழுதிருக்கிறேன்.

பந்தியில் பிரெதா ரத்தத் தொத்திறைச்சி பரிமாறினாள். தட்டை வாங்கிக்கொண்டு அவள் பூட்ஸைத்தான் பார்த்தேன்.

ஜனவரி 14

"ஏன்டி சொல்லல?"

"சொன்னேனே. நவம்பர்ல."

ஜனவரி 15

மச்சானின் முற்றம். கார் டிராக்டருக்குப் பின்னால் சங்கிலியில் வந்து சேர்ந்தது. "கோழிங்க காலி பண்ணிடுச்சு, எடுத்துக்க," என்று டயர்களை உருட்டிவிட்டார். ஸ்பேனரை நானே வாங்கிக்கொண்டேன். நரம்பு புடைக்கத் திருகினேன்.

"அந்தப் பக்கம் இல்ல மாப்ளே."

அவ்வளவுதான் சொல்லிவிட்டு அடுத்த டயரை உருட்டி வந்தார் அந்த மனுஷன். கிண்டல் செய்திருக்கலாம்.

திரும்பும்போது ஒயின் கடையில் நிறுத்தி, பெயர் கேட்ட இருவரிடமும் சொன்னேன்: கீழ் ரோட்டுக்கு என்றால் வாங்குங்கள், மலைக்கு வேண்டாம், என் ஆடு நடந்துதான் போனது. கடையே சிரித்தது. பிரெதாவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. காது எரிந்தது. எரியட்டும்.

ஜனவரி 22

லுப்லியானா வானொலி சொன்னதைவிட அதிகமாகவே பனி கொட்டியிருக்கிறது. காலையில் சமையலறை ஜன்னலில் நின்றேன். பிரெதாவின் காரின் பின்விளக்குகள் குருசடி வரை போயின. நிற்கவில்லை. வளைவு தாண்டி, மேலே, மரங்களுக்குள் போய்விட்டன.

மாலையில் அவள் பூட்ஸ் வாசலிலேயே கிடந்தது, காய்ந்து. பேப்பர் மேசைமேல் முழுசாக இருந்தது. விளையாட்டுப் பக்கத்தைத் தனியாக எடுத்து, மடித்து, அடுப்போரம் வைத்தேன். எதற்கும் இருக்கட்டும்.