பென்சிலுக்கு அடியில் இருக்கும் முகம்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, நாம் இருவரும் இருக்கும் அந்த நெகட்டிவை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். அடுப்புகூடப் பற்றவைக்கவில்லை. மழை விட்டு அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நெகட்டிவை நேராகப் பிடித்தால் இரண்டு பெண்கள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், கறுத்த முகமும் வெளுத்த கூந்தலுமாக. கொஞ்சம் சாய்த்தால் அவர்கள் மறைந்துபோய், மேலே நீ போட்ட பென்சில் கோடுகள் மட்டும் மினுங்குகின்றன. பொடிப்பொடியான வளையங்கள். சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதை நீ படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டாய். பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து குடியேறிய உங்கள் சிட்டி இனத்தார் வீடுகளில் சாமி பெயர்களும் சில உறவுச் சொற்களும்தான் தமிழ், மற்றதெல்லாம் மலாய். நானோ மதராஸில் கல்லூரி முடித்து, கல்யாணமாகி, கடல் தாண்டி, காஜா பேராங்கில் இவருடைய ஸ்டூடியோவுக்கு வந்து இறங்கியபோது மலாயில் ஒரு வார்த்தை அறியாதவள். நீ "அக்கா" என்று கூப்பிட்டாய். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தோம். பிறகு உன் மலாய் எனக்குள் தமிழாகவே கேட்கத் தொடங்கிவிட்டது. இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

செருப்பில் மணி கோத்துப் பூ தைக்கும் உன் கையைப் பார்த்துத்தான் இவர் உன்னை, நெகட்டிவில் முகம் திருத்தும் டச்சிங் மேசையில் உட்காரவைத்தார். லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டினால் பரு மறையும், தோல் வெளுக்கும். அம்மைத் தழும்பின் பள்ளம் மறையாது. அதற்குப் பென்சில்தான். நெகட்டிவின்மேல் ஒரு துளி வார்னிஷைத் தடவிக் காயவிட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் ஒவ்வொரு பள்ளமாக நிரப்புவாய். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்காக வந்த ஒரு தாய், மகளின் முகம் கெட்டுவிடுமோ என்று பதறினாள்.

"பயப்படாதீங்க. பென்சில் வார்னிஷ்லதான் ஒட்டும். அடியில அவ முகம் அப்படியே இருக்கும். டர்பன்டைன்ல துடைச்சா திரும்ப வந்துடும்" என்றாய்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா வாரத்தில் காஜா பேராங்கில் பாதிப் பேர் புதுத் துணி உடுத்திக்கொண்டு நம் வாசலில் நின்றார்கள். கடைசி ஆளும் போன பிறகு ஒரு பிலிம் மிச்சமிருந்தது.

"காலேஜம்மாவும் பென்சில்காரியும் வந்து உட்காருங்க" என்றார் இவர்.

நான் மாட்டேன் என்றேன். சிறு வயதில் அம்மை போட்டதிலிருந்து எனக்குப் படம் என்றாலே பயம். கல்யாணப் படத்தில்கூட என் வகிடுதான் தெரியும், முகம் தெரியாது. நீ என்னை இழுத்து உட்காரவைத்து உன் கன்னத்தை ஒட்டிவைத்தாய். "தழும்பை நான் பார்த்துக்கறேன் அக்கா. நீங்க சிரிச்சா போதும்."

அதன் பிறகு எத்தனையோ மதியங்கள் என் முகத்தின்மேல் குனிந்து கிடந்தாய். பக்கத்தில் படங்களுக்கு ஓரம் வெட்டிக்கொண்டு நான் ஒன்றும் கவனிக்காததுபோல இருந்தேன். "தாடைக்குக் கீழ ஒண்ணு ஒளிஞ்சிருந்துச்சு, பிடிச்சிட்டேன்" என்று சிரித்தாய். என் அம்மா என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொள்வாள். இவர் நல்லவர், அதனால் பார்க்காததுபோல இருப்பார். நீ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாய். எனக்குக் கூசவில்லை.

என் முகத்தை முடித்துவிட்டு, உன் மூக்கருகே இருந்த புளியங்கொட்டை அளவு மச்சத்தையும் நிரப்பத் தொடங்கினாய்.

"அதை ஏன்டி?"

"சின்னதுல தெருப் பையனுங்க 'ஈ, ஈ'ன்னு கத்துவானுங்க அக்கா. கன்னத்துல ஈ உட்கார்ந்திருக்காம். நாடே புதுசாகுது, எனக்கு மட்டும் பழைய மூஞ்சியா?"

"அப்போ அடையாளக் கார்டிலயும் அழிச்சிடு. போலீஸ் பிடிச்சா என்னைக் கூப்பிடாதே" என்றார் இவர், இருட்டறைக்குள்ளிருந்து.

இந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். நான் ஒருமுறை பார்க்க வந்தேன். மறுமுறை வருவதற்குள் படுக்கை காலியாகிவிட்டது.

அடையாளக் கார்டைச் சாவைப் பதிந்தபோதே வாங்கிக்கொண்டார்கள், உன்னுடைய வேறு நல்ல படம் எங்கும் இல்லை. அதனால் இந்த நெகட்டிவில் உன் பாதியை மட்டும் பெரிதாகக் கழுவி, சட்டம் போட்டு உன் வீட்டில் கொடுத்தேன். நேற்று உன் மகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். அம்மா என்பதை அவள் 'மாக்' என்றுதான் சொல்வாள்.

"மாமி, இது மாக் இல்ல."

"மாக்தான். நல்லாப் பாரு."

"மச்சம் எங்க? அதுல விரலை வெச்சுக்கிட்டுத்தான் நான் தூங்குவேன். சின்னம்மாகிட்ட கேட்டா, செத்தவ அழகா இருந்துட்டுப் போகட்டும்கறாங்க."

பொங்கலுக்கு முன்னால் போகியன்று நீங்கள் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பீர்களே, பார்ச்சு, அது நெருங்கிவிட்டது. உனக்கு இதுதான் முதல் பார்ச்சு.

"மாக் சாப்பிட வர்றப்போ இந்தப் படத்தைப் பார்த்தா, வேற யாருக்கோ சோறு வெச்சிருக்காங்கன்னு திரும்பிப் போயிடும்" என்றாள். அவள் அழவில்லை. நடக்கப்போகிற ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஒரு சொட்டு மை வெச்சுக் கொடேன். பிள்ளைக்குத் தெரியவா போகுது?" என்று இவர் என் காதில் சொன்னார். வைத்தேன். அவள் அதைத் தொட்டாள். விரலில் ஒட்டிக்கொண்டது. "இது மை, மாமி" என்று விரலைப் பாவாடையில் துடைத்தாள்.

உன் மச்சம் மைக்கு அடியில் இல்லை, பென்சிலுக்கு அடியில் இருக்கிறது. துடைத்தால் வந்துவிடும். ஆனால் நாம் கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு முகத்துக்கும் சேர்த்து ஒரே பூச்சாக வார்னிஷ் தடவியிருக்கிறாய். டர்பன்டைன் உன் முகத்தோடு நிற்காது. மற்றவர்களுக்காக நீ போட்ட கோடுகள் அலமாரி நிறைய இருக்கின்றன. எனக்காகப் போட்டவை இவை மட்டும்தான். இரவு படுத்துக்கொண்டு, அந்தப் பெண் இன்னும் சின்னவள், மறந்துவிடுவாள் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். மறந்துவிடுவாள் என்பதுதான் பயமாக இருந்தது.

நீ வரைந்து கொடுத்த அந்த முகத்தோடு நான் ஒருநாளும் வெளியே போனதில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடைத்தெருவில் தலை குனிந்து நடந்ததும் இல்லை. ஒருத்தி முழுவதுமாகப் பார்த்துவிட்டாள், பார்த்த பிறகும் கன்னத்தை ஒட்டிவைத்தாள் என்ற நினைப்பு போதுமானதாக இருந்தது. அது நெகட்டிவில் இல்லை, என்னிடம் இருக்கிறது.

இன்று கிளேபாங்கில் ஒரு கல்யாணம். இவர் கேமராப் பெட்டியோடு கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டுத் துடைக்கப் போகிறேன். இவரிடம் சொல்லவில்லை, உன் மகளிடமும் சொல்லவில்லை. உன் மச்சம் அவளுக்குக் கிடைக்கட்டும். என் தழும்புகளும் திரும்பி வரும். இனி அவற்றை அவ்வளவு நேரம் உற்றுப் பார்க்க யாரும் இல்லை.