கதவில் நான் ஒட்டிய மட்டை

மாசி 9, புதன்

பேரனுக்குத் தடிமன். மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் அழுகிறான். மகள் என் கைகளைத்தான் பார்த்தாள்.

"அப்பா, எனக்குத் தெரியாம இவனத் தொட்டீங்களா?"

"இல்லகா மகள்."

பிறந்து இருபத்தாறு நாளாகிறது. நான் இன்னும் அவனைத் தூக்கவில்லை.

'கை கழுவாமல் பிள்ளையைத் தொட வேண்டாம்' என்று மருத்துவிச்சி சொன்னதை பெட்டியில் வெட்டிய ஒரு மட்டையில் எழுதித் தரும்படி மகள்தான் கேட்டாள். முதியோர் வகுப்பில் எழுதப் பழகி நான்கு மாதம். பிறர் வாசிக்க நான் எழுதிய முதல் வரி அது. ஒரு பிழையும் இல்லை. கதவில் ஒட்டிவிட்டு அன்று முழுக்க வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன்.

அன்றிலிருந்து, தோணியால் இறங்கி வந்ததும் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவுகிறேன்.

"இறால் மணம் போகல்லயே அப்பா, கிருமி இருக்கும்" என்கிறாள்.

மணம் வேறு, கிருமி வேறு என்று மருத்துவிச்சியிடமே கேட்டு வந்து சொன்னேன். அப்போதும் பிள்ளையைத் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சம்மந்தியம்மா டவுணிலிருந்து பஸ்ஸில் வந்தார். இருமிக்கொண்டே நேரே உள்ளே போய், "என்ட ராசா" என்று பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார். நான் கதவைக் காட்டினேன்.

"சும்மா இருங்கப்பா, மாமி கோவிப்பா" என்றாள் மகள், மெதுவாக.

மட்டை இன்னும் கதவில்தான் இருக்கிறது. எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. எழுதிய நான் ஒருவன்தான் அதை வாசித்திருக்கிறேன்.

பிள்ளை மறுபடி அழுகிறான். கையைக் கழுவிக்கொண்டு போய்க் கதவடியில் நிற்கப் போகிறேன்.