கப்பலிலிருந்து வந்த இரண்டு படங்கள்

12 மார்ச் 1981, வியாழன்

இன்று இவருடைய கவர் வந்தது. வடதுருவத்து வானத்தில் ஆடும் வண்ண வெளிச்சத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று, ஆரணி ஸ்டுடியோவைத் தம்பியிடம் விட்டுவிட்டு இவர் கப்பல் ஏறி ஐந்து மாதம் ஆகிறது. ஊர் திரும்பிய மாலுமி ஒருவரிடம் கவரைக் கொடுத்தனுப்பினாராம். அதனால் மெட்ராஸ் தபால் முத்திரை. உள்ளே ஒரு கடிதம், இரண்டு படங்கள். முதல் படத்தில் கடலுக்கு மேலே வானம் பச்சைத் திரைபோலத் தொங்கியது.

கொழுந்தனார் சிரித்தார். “அண்ணி, இது கையால கலர் பூசினதுங்க. அண்ணன் மெட்ராஸ்லயே குந்திகினு நம்மள ஏமாத்துறாரு.”

எனக்கும் அதே சந்தேகம்தான். ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசுகிறவளே நான்தான். ஈரப் பஞ்சால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன். பச்சை கரையவில்லை.

“நெஜமான கலர் பிலிம்தான், தம்பி” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகுதான் இரண்டாவது படத்தைப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில், கப்பல் தளத்தில் இவர் நிற்கிறார். கழுத்தில் யாரோ கையால் பின்னிய சிவப்பு மப்ளர். கேமராவைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு. எங்கள் கல்யாணப் படத்தில்கூட இவர் இப்படிச் சிரித்ததில்லை. எப்போது திரும்புவார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரே வரிதான் வந்தது: இந்தப் படத்தை எடுத்தது யார்?