மாமாவுக்காக வைத்த பெருவிரல்

ஆகஸ்ட் 11
ஐ.டி.ஐ.யை விட்டு ஐந்து மாதம். இன்று சாமைக் கொல்லையில் களை எடுக்கப் போனேன். பாதியிலேயே சலித்துவிட்டது. "படிப்புதான் பாதின்னு பாத்தா களையும் பாதியாடா?" என்றாள் அம்மா. நாளை மறுநாள் திருப்பத்தூர் போய் ஏதாவது வேலை பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 17
மூன்று நாளாக போலீஸ் ஸ்டேஷனில் இருந்தேன்.

13-ம் தேதி அடிவாரத்தில் நான் போன ஜீப்பை நிறுத்தி, மலைக்காரர்களை மட்டும் இறக்கி, ஆதார் நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள். மற்றவர்களை விட்டுவிட்டார்கள். என் பெயரில் உள்ள சிம், செம்மரம் வெட்டிய காட்டில் பேசியிருக்கிறதாம்.

அது தேவராஜ் மாமாவின் சிம். அத்தை புருஷன். கல் உடைத்து உடைத்து அவர் விரலில் ரேகையே கிடையாது. சிம் வாங்கப் போனபோது கடைக்காரன் மெஷின் அவர் விரலை எடுக்கவில்லை. ரேகை விழாதவர்களுக்கு வீட்டில் சின்னவர்கள் விரல் வைப்பது இங்கே வழக்கம். நான் வைத்தேன்; சிம் என் பெயரில் பதிவானது.

ஸ்டேஷனில் என் பத்து விரல் ரேகையையும் எடுத்தார்கள். முகத்தை நேராக, பக்கவாட்டில். செருப்பைக் கழற்றச் சொல்லிக் கால் தடமும்.

"சிம்மு ஒன்னுது, ரேக ஒன்னுது. அப்ப காட்ல பேசுனது இன்னா, ஒன் ஆவியா?" என்றார் ஏட்டு.

"நான் மலைய வுட்டே போவலீங்க சார். ஒரு நாளுக்கு மேல வெச்சிருக்கக் கூடாதுங்களே?"

"படிப்ப பாதில வுட்டு ஓடியாந்தவன் சட்டம் பேசுறான் பாரு."

அப்புறம் முதுகில் அடி விழுந்தது. கைது இல்லையாம், விசாரணைதானாம்.

ஆகஸ்ட் 18
சொல்லிட்டேன். நேத்து அத எழுத முடியல.

அடிக்குப் பயந்து இல்ல. அடியத் தாங்கிட்டேன். "ஒன் பத்து வெரலும் இப்ப எங்ககிட்ட இருக்கு. எங்க எது நடந்தாலும் மொதல்ல ஒன்னத்தான் தூக்குவோம்"னாரு ஏட்டு. பயம். வேற இன்னா? மாமா பேரு, அவரு கண்ணமங்கலத்துல கட்டட வேல செய்யுற எடம் — எல்லாத்தையும் சொன்னேன். அவரு நெஜமா மரம் வெட்டப் போனாரா? எனக்கே தெரியாதே!

ஆகஸ்ட் 20
மாமாவைப் பிடித்துவிட்டார்கள். செல்போன் டவரை வைத்துக் கண்டுபிடித்ததாக ஊரில் பேசுகிறார்கள். நானும் ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 7
மாமாவுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை.

சம்பூர்ணம் அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள். போகாமல் இருக்க முடியவில்லை. களி, கருவாட்டுக் குழம்பு. என் முதுகைத் தடவிப் பார்த்து அழுதாள்.

"மூணு நாள் அடிச்சும் எங்கண்ணன் புள்ள வாயத் தொறக்கல. அவரு வெளிய வரட்டும் மருமவனே, தை மாசமே சரிதாவ ஒனக்குக் கட்டி வெச்சிடறேன்."

அத்தை மகள் சரிதா தலையைக் குனிந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுங்களா?" என்றாள். இதுவரை என்னை "டா" போட்டுத்தான் பேசுவாள்.

தட்டை நீட்டினேன்.